படுதா அறையைக் காத்த மாதா

2020 தவக்காலத்தில் எங்கள் கோயில் மைதானத்தில் மேடை போடச் சவுக்குக் கட்டைகள் வந்து இறங்கின. அதே வாரம் ஊரடங்கு போட்டார்கள். கட்டைகள் இறக்கிய இடத்திலேயே வெயிலில் கிடந்தன. பிறகு வாடகைக்காரர் வண்டி கொண்டுவந்து ஏற்றிப் போனார். அந்த வண்டி தெருமுனை திரும்பியபோது, ஒரு மாதம் தள்ளிப் போகும், அவ்வளவுதான் என்று நினைத்தோம். இரண்டு வருடம் ஆகும் என்றும், அதற்குள் எங்கள் நாடக சபாவே இல்லாமல் போகப் பார்க்கும் என்றும் நினைக்கவில்லை.

நம் பங்கு அன்பியக் குழுவின் சகோதர சகோதரிகளே, என் பெயர் பிலோமினா. உங்களில் பலர் என்னைப் பார்த்திருப்பீர்கள், நான் பேசிக் கேட்டிருக்க மாட்டீர்கள். பத்தாவது வரை படித்தேன். வண்ணாரப்பேட்டையில் ஒரு ஜவுளிக் கடைக்கு நைட்டி தைத்துக் கொடுக்கிறேன். நாலு பேர் கூடினால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஜெபக் கூட்டத்தில் சாட்சி சொல்லக் கூப்பிட்டபோது இரண்டு தடவையும் தலையைக் குனிந்துகொண்டேன். அதனால் எழுதித் தருகிறேன். மாதா செய்ததை மூடி வைப்பதும் தப்பு என்று மனசு உறுத்துகிறது.

எங்கள் சபா ராயபுரம், காசிமேட்டு ஆட்கள் சேர்ந்து நடத்துவது. வருடத்துக்கு ஒரே நாடகம்தான், ஆண்டவருடைய பாடுகள். எங்கள் கோயிலில் ஆரம்பித்து, திருவொற்றியூர், எண்ணூர், அத்திப்பட்டு என்று கூப்பிடுகிற இடத்துக்கெல்லாம் போவோம். நடிக்கிறவர்கள் எல்லாம் வேலைக்குப் போகிறவர்கள். பிலாத்துவாக வரும் சந்தியாகு அண்ணன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், சபாவுக்குத் தலைவரும் அவர்தான். யூதாஸ் வேடம் டேவிட்டுக்கு. அவர் டோல்கேட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். சேசுநாதர் வேடம் போட்டுக்கொண்டிருந்தவர் மரியதாஸ், ஐஸ் பேக்டரியில் வேலை. தவக்காலம் நாற்பது நாளும் மீன் தொடமாட்டார், பாய் போடாமல் வெறும் தரையில் படுப்பார்.

என் வேலை, பக்கப் படுதாவுக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வசனம் எடுத்துக் கொடுப்பது. கல்யாணமாகி வந்த புதிதில், கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று என்னிடம் வசன நோட்டைக் கொடுத்துப் பிரதி எடுக்கச் சொன்னார்கள். எழுதி எழுதி முழு நாடகமும் எனக்கு மனப்பாடமாகிவிட்டது. அப்படியே படுதாவுக்குப் பின்னால் உட்கார வைத்துவிட்டார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது. யாரும் என்னைப் பார்க்க மாட்டார்கள்.

எங்கள் சபாவில் யாரும் வசனத்தை முழுசாக மனப்பாடம் செய்வதில்லை. சோம்பல் என்று சொல்ல முடியாது, அப்படியே பழகிவிட்டது. ஒரு வரியின் முதல் பாதியை நான் மெல்லச் சொல்வேன். அவர்கள் அதை வாங்கி முழு வரியாகப் பேசுவார்கள். பேசி முடிப்பதற்குள் அடுத்த பாதி போய்ச் சேரும். வருடக்கணக்கில் இப்படியே நடந்ததால் என் குரல் அவர்கள் காதில் விழும், ஆனால் விழுவது அவர்களுக்கே தெரியாது. வீட்டில் ஓடும் ஃபேன் சத்தம் மாதிரி. எனக்கும் அப்படித்தான். இதை நீங்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் எங்களுக்கு வந்த ஆபத்தும் இதில்தான் இருந்தது.

சபாவுக்கென்று இருந்த ஒரே சொத்து ஓர் அறை. அதுவும் சொந்தமில்லை, வாடகை. பழைய வண்ணாரப்பேட்டையில் காதர் பாய் என்பவருடைய கட்டடத்து மாடி. நாங்கள் அதைப் படுதா அறை என்போம். எருசலேம் கோயில், ஒலிவத் தோப்பு, பிலாத்துவின் அரண்மனை, கல்லறை என்று துணியில் வரைந்த சீன்கள் சுருட்டி மூங்கிலில் தொங்கும். கீழே படைவீரர்களின் தகரக் கவசங்கள், ஈட்டிகள், பன்னிரண்டு அடிச் சிலுவை. கடல் பக்கம் என்பதால் ஜன்னலைச் சாத்தியே வைப்போம், உப்புக் காற்று பட்டால் வர்ணம் உதிரும். ஒத்திகை, சண்டை, சமாதானம் எல்லாம் அங்கேதான்.

முதல் வருடம் எப்படியோ போய்விட்டது. டேவிட் ஆட்டோவை நிறுத்திவிட்டுக் காய்கறி விற்றார். படைவீரர்களாக வரும் நாலு பேரும் மணலியில் கன்டெய்னர் யார்டுக்குக் கூலிக்குப் போனார்கள். என் கணவர் ஆரோக்கியம் அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் ஒப்பந்த வேலை பார்ப்பவர். அவருக்கு மட்டும் வேலை நிற்கவில்லை, ஆண்டவருக்கு நன்றி. நாடகத்துக்குக் கோயில்கள் கொடுக்கும் காணிக்கையில்தான் அறை வாடகை போகும். நாடகம் இல்லை, காணிக்கை இல்லை. 2021 தவக்காலத்திலும் மேடைக்கு அனுமதி கிடைக்கவில்லை.

பிறகு இரண்டாவது அலை வந்தது. மே மாதம் மரியதாஸுக்கு மூச்சுத் திணறல். படுக்கை கிடைக்கும்வரை ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்சிலேயே வைத்திருந்தார்கள். அந்த மூன்று நாளும் நான் ஜெபமாலையைக் கீழே வைக்கவில்லை. நாலாம் நாள் அவர் போய்விட்டார். முகம் பார்க்கவும் விடவில்லை. அவருக்காக நான் கேட்டது கிடைக்கவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது. இந்தச் சாட்சியில் அதை விட்டுவிட்டு எழுதினால் பொய் சொன்ன மாதிரி ஆகிவிடும், அதனால் எழுதுகிறேன். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் ஜெபமாலையைத் தொடவில்லை. மாதாவிடம் எனக்குக் கோபம் இருந்தது.

ஜூலையில் காதர் பாய் சந்தியாகு அண்ணனைக் கூப்பிட்டுப் பேசினார். அவர் கேட்டிருந்த அறைச் சாவியைக் கொடுக்கும் சாக்கில் நானும் போயிருந்தேன். அவர் கெட்டவர் இல்லை. ஒன்றரை வருடமாக வாடகை கேட்கவே இல்லை. அவருடைய இரும்புச் சாமான் வியாபாரமும் படுத்துவிட்டது. ஆன்லைன் சாமான் கொடுக்கும் கம்பெனி ஒன்று அந்த மாடியைக் கோடவுனுக்குக் கேட்டிருக்கிறது.

“நான் இன்னாம்மா பண்றது, எனக்கும் வூடு கீது, புள்ளைங்க கீது. உங்க சேசுநாதர் சாமானத் தெருவுல தூக்கிப் போட எனுக்கு மனசு வர்ல. தீபாவளி வரைக்கும் பாக்கறேன். அதுக்கு மேல என்னால முடியாது” என்றார். சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கோயில் ஹாலில் வைக்கலாம் என்றால் அங்கே நிவாரண அரிசி மூட்டை அடுக்கியிருந்தது. அந்த நீளச் சீன்களை மடித்தால் வர்ணம் வெடித்துவிடும், எங்கள் யார் வீட்டிலும் அவற்றைச் சுருட்டி வைக்க இடம் கிடையாது. சினிமாவுக்குச் சாமான் வாடகைக்கு விடும் ஒருவர், எல்லாவற்றையும் மொத்தமாக எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். சந்தியாகு அண்ணன் ஒத்துக்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்டார். “மரியதாஸே போய்ட்டான், இன்னும் இன்னாத்துக்கு இதெல்லாம்” என்றார். கொடுக்க வேண்டாம் என்று சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. வீட்டுக்கு வந்து தையல் மெஷினில் தலையை வைத்து அழுதேன். அந்த அறை போனால் சபா போய்விடும். எனக்கு இந்த உலகத்தில் பேச்சு வருகிற ஒரே இடம் அந்தப் படுதாவுக்குப் பின்னால்தான்.

டேவிட்டின் மனைவி ஜெனிபர் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை செய்கிறாள். ஆகஸ்டில் ஒருநாள் அவள் ஒரு பேப்பரைக் கொண்டுவந்தாள். கொரோனாவில் வருமானம் இல்லாமல் போன கலைக் குழுக்களுக்கு வெளியூர் அறக்கட்டளை ஒன்று உதவித்தொகை கொடுக்கிறதாம். நாடகம், கூத்து, வாத்தியம், எந்த ஊர்க் கலையாக இருந்தாலும் சரி. ஆனால் நிபந்தனைகள் இருந்தன. குழு எத்தனை வருடமாக நடக்கிறது என்பதற்குச் சான்று வேண்டும். பங்குச் சாமியார் கடிதம் கொடுத்தார், திருவிழா அழைப்பிதழ்கள் இருந்தன, அது பரவாயில்லை. இன்னொன்று, ஐந்து நிமிட வீடியோ. பழைய வீடியோ கூடாது, இப்போது புதிதாக எடுத்தது வேண்டும். குழு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கத்தான் அது. கூட்டம் சேராமல் அவரவர் இடத்திலிருந்தே நடித்து அனுப்ப வேண்டும் என்றும் போட்டிருந்தது.

அன்று சாயங்காலம் கோயிலுக்குப் போனேன். உள்ளே பூட்டியிருந்தது. வெளியே, மாதா சிலை இருக்கும் கெபியின் கம்பிக் கதவுக்கு முன்னால் நின்றேன். எனக்கு எல்லா ஜெபமும் தெரியும். நவநாள் ஜெபம், மன்றாட்டு மாலை, எல்லாம் புத்தகம் பார்க்காமல் சொல்வேன். அன்று ஒன்றும் வரவில்லை. மரியதாஸுக்காக அவற்றையெல்லாம் சொல்லித் தீர்த்துவிட்டேன் என்று தோன்றியது. பக்கத்தில் யாரும் இல்லை. அப்போது வாய்விட்டு, வீட்டில் பேசுகிற மாதிரி பேசிவிட்டேன்.

“அம்மா, எனுக்கு இன்னா சொல்றதுன்னு தெர்ல. உம்மேல கோவம் கீது, அது வேற. அந்த ரூமு மட்டும் போவக்கூடாது. அவ்ளோதான்.”

இதுதான் என் ஜெபம். வேறு ஒரு வார்த்தை கிடையாது. என் வாழ்நாளில் எழுதி வைக்காத வார்த்தையால் நான் சொன்ன முதல் ஜெபமும் அதுதான். சொல்லி முடித்ததும் வெட்கமாக இருந்தது, சீக்கிரமாக வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வீடியோவுக்கு இரண்டு காட்சி என்று முடிவு செய்தோம். பிலாத்து கை கழுவுவது, யூதாஸ் புலம்புவது. சந்தியாகு அண்ணனுக்குச் சர்க்கரை வியாதி, வீட்டில் வெளியே விடவில்லை. அவர் மொட்டை மாடியில் நின்று பேசினார். அவர் மகள் செல்போனில் படம் எடுத்தாள். தோளில் சிவப்புப் போர்வை, பிளாஸ்டிக் பக்கெட், குவளை. முதல் தடவை வசனமே வராமல் தண்ணீரை மட்டும் ஊற்றிக்கொண்டு நின்றார். நான் என் வீட்டில் இருக்கிறேன், அவருக்கு எப்படி வரும்? அவருடைய இன்னொரு போனில் என்னைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டுப் பக்கெட்டுக்குப் பின்னால் வைத்தார்கள். நான் நோட்டைக்கூடப் பார்க்காமல் எடுத்துக் கொடுத்தேன். அவர் பிரமாதமாகப் பேசினார். நடுவில் தண்ணீர்ச் சத்தம் கேட்டு, “அண்ணே, தண்ணிய கொட்டிடாதீங்க, இன்னும் வசனம் கீது” என்று ஒரு தடவை சொன்னேன்.

அதைப் பார்த்துவிட்டு டேவிட், “கொரோனாவுக்குக் கை கழுவச் சொல்ற விளம்பரம் மாரி கீது நைனா” என்று கிண்டல் செய்தார். அண்ணன், “நீ பேசும்போது பாக்கறேன்டா உன் லட்சணத்த” என்றார்.

டேவிட்டுக்கு வீட்டில் இடம் இல்லை. ஆட்டோவை ஒரு காலி மைதானத்து ஓரம் நிறுத்தி, வண்டி வெளிச்சத்துக்கு முன்னால் மண்டியிட்டுப் புலம்பினார். படம் எடுக்க ஒரு போனை வண்டி முன்னால் சாய்த்துவிட்டு, அதே மாதிரி என்னை இன்னொன்றில் ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்துச் சீட்டில் வைத்திருந்தார். நான் இல்லாமல் ஒரு தடவை முயன்று பார்த்தாராம். “நீ சொல்லாம பேச்சே வர்லக்கா” என்றார். யூதாஸ் புலம்பல் எங்கள் நாடகத்திலேயே கஷ்டமான இடம். “ஒரே தட்டில் கை வைத்து உண்டோமே, அந்தக் கையாலேயா வாங்கினேன்” என்று ஆரம்பிக்கும். வருடாவருடம் பெண்கள் அந்த இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அன்று டேவிட் உண்மையிலேயே அழுதார். மரியதாஸோடு ஒரே தட்டில் சாப்பிட்டவர் அவர். எனக்கும் குரல் உடைந்தது. இருந்தாலும் நிறுத்தாமல் எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

கடைசி நாள் சாயங்காலம் ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். ஜெனிபர் கடையில் வைத்து இரண்டு துண்டையும் ஒட்டினாள். தடுப்பூசிச் சான்றிதழ் பிரிண்ட் எடுக்கக் கூட்டம், சத்தம் வைத்துப் பார்க்க ஓனர் விடமாட்டார், படத்தை மட்டும் பார்த்து ஒட்டிவிட்டாள். எங்கள் எல்லோருக்கும் போனில் வந்தது. அண்ணன் பார்த்தார், டேவிட் பார்த்தார், கவசம் போடும் நாலு பேரும் பார்த்தார்கள், நானும் பார்த்தேன். எல்லோரும் சோக்கா கீது என்றார்கள். ஜெனிபர் அனுப்பிவிட்டாள்.

அன்று ஷிப்ட் முடிந்து என் கணவர் வந்தார். உடம்பெல்லாம் நிலக்கரித் தூசி. குளிப்பதற்கு முன்னால் ஆசையாகப் போனைக் காட்டினேன். அவர் சபாவில் இல்லை. நாடகத்தைக் கூட்டத்தில் கடைசியில் நின்று பார்க்கிறவர். முழுசாகப் பார்த்துவிட்டுக் கேட்டார், “நல்லாதான் கீது. ஆனா நடுவுல ஒரு பொம்பள பேசிக்கினே கீறாளே, அது நீதான?”

எனக்குப் புரியவில்லை. மறுபடி போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் என் குரல். சந்தியாகு அண்ணனுடைய குரலை விடத் தெளிவாக என் குரல். போன் பக்கத்திலேயே இருந்ததால் அவ்வளவு துல்லியமாக விழுந்திருக்கிறது. யூதாஸ் புலம்பலில் ஓர் இடத்தில், “டேவிட்டு, மாஸ்க்க எறக்கு, கொரலு அமுங்குது” என்று நான் சொல்வதும், அவர் அழுதுகொண்டே தாடைக்குக் கீழே மாஸ்க்கை இழுத்துவிடுவதும் அப்படியே இருந்தது. தண்ணீரைக் கொட்டாதீங்க என்பதும் இருந்தது. எங்களில் ஒருவர் காதிலும் அது விழவில்லை. இத்தனை வருடப் பழக்கம்.

ஜெனிபருக்குப் போன் போட்டேன். “அனுப்புனது அனுப்புனதுதான்க்கா, இனிமே மாத்த முடியாது” என்றாள். சந்தியாகு அண்ணனிடமும் சொன்னேன், அவர் திட்டவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. சாமான் வாடகைக்காரரை ஒருமுறை வந்து பார்க்கச் சொல்லிவிடுவதாக மட்டும் சொன்னார்.

அறை என்னால் போய்விட்டது என்று நினைத்தேன். இருபத்திரண்டு வருடம் ஒளிந்து உட்கார்ந்திருந்தேன், வெளியே தெரிந்த ஒரே தடவை எல்லாவற்றையும் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். அதற்கு மறுநாள் காலையிலிருந்து ஒன்பது நாள், மெஷினில் உட்காரும் முன்னால் கெபிக்குப் போய் நின்றேன். புத்தக ஜெபம் சொல்லவில்லை. “ரூமு போவக்கூடாது, நான் பண்ண தப்புக்கு அவங்களத் தண்டிச்சுறாத” என்று அதையே சொன்னேன். கோபம் எப்போது போனது என்று தெரியவில்லை. எப்படியோ போயிருந்தது.

செப்டம்பர் கடைசியில், ஒருநாள் மதியம். நைட்டிக்குக் கழுத்து வைத்துக்கொண்டிருந்தேன். தெரியாத எண்ணிலிருந்து போன். சாதாரணமாக நான் எடுக்கமாட்டேன். அன்று ஏனோ எடுத்தேன். அந்த அறக்கட்டளையிலிருந்து ஒரு மேடம். சந்தியாகு அண்ணனைத்தான் முதலில் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர், வசனமெல்லாம் பிலோமினாகிட்டதான் இருக்கிறது, அந்த அம்மாவையே கேளுங்கள் என்று என் நம்பரைக் கொடுத்துவிட்டார்.

வீடியோவில் பின்னாலிருந்து பேசுவது யார் என்று கேட்டார்கள். போனை வைத்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. மனதுக்குள் அம்மா என்று கூப்பிட்டேன், அவ்வளவுதான்.

“நான்தான் மேடம். அது தப்பா வந்துருச்சு. எங்க யாருக்கும் கேக்கல.”

“கேக்கலையா? எப்படிம்மா?”

எப்படி என்று சொல்ல வேண்டியதாகிவிட்டது. ஸ்டூலைப் பற்றி, பாதி வரி கொடுப்பதைப் பற்றி, அது ஃபேன் சத்தம் மாதிரி ஆகிவிட்டதைப் பற்றிச் சொன்னேன். முன்பின் தெரியாத ஒருவரிடம் அவ்வளவு நேரம் நான் பேசியதே இல்லை. அவர்கள் குறுக்கே பேசவில்லை. நீங்கள் இல்லாவிட்டால் அவர்களுக்குப் பேசவே வராதா என்று கேட்டார்கள்.

“வசனம் தெரியும் மேடம் அவங்களுக்கு. நான் பின்னாடி இருக்கேன்னு தெரியணும், அவ்ளோதான்” என்றேன். சொன்ன பிறகுதான் அது உண்மை என்று எனக்கே தெரிந்தது.

பணம் கிடைத்தால் முதலில் என்ன செய்வீர்கள் என்றார்கள். ஜெனிபர் படிவத்தில் அழகாக என்னென்னவோ எழுதியிருந்தாள். எனக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. “ரூமு மேடம். ரூமு போவக்கூடாது” என்று, மாதாவிடம் சொன்ன அதே வார்த்தையைச் சொல்லிவிட்டேன்.

அந்தப் பக்கம் சிரிக்கிற சத்தம் கேட்டது. கிண்டலாக இல்லை. பிறகு அவர்கள் சொன்னதை என்னால் முடிந்தவரை அப்படியே எழுதுகிறேன். “நிறைய குழுக்கள் பழைய வீடியோவ வெட்டி அனுப்பியிருக்காங்கம்மா. எது இப்ப எடுத்தது, எந்தக் குழு இன்னும் நடக்குதுன்னு எங்களுக்குக் கண்டுபிடிக்கவே முடியல. உங்களுதுல மட்டும் சந்தேகமே வரல. மாஸ்க்க எறக்குன்னு ஒரு குரல் சொல்லுது, அழுதுகிட்டே ஒருத்தர் எறக்குறார். அத யாரும் போன வருஷத்துக்கு முன்னாடி எடுத்திருக்க முடியாது.”

போனை வைத்ததும் மெஷின் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எது எங்களைக் கெடுத்துவிட்டது என்று ஒன்பது நாள் அழுதேனோ அதுவேதான் எங்களுக்குச் சான்று. சத்தம் வைத்துக் கேட்டு, குரலை எடுத்துவிட்டுச் சுத்தமாக அனுப்பியிருந்தால், நாங்களும் பத்தோடு பதினொன்றாகத்தான் போயிருப்போம். ஜெனிபரின் கடையில் கூட்டம் வைத்தது யார்? எங்கள் எல்லோருடைய காதையும் மூடியது யார்? தற்செயல் என்று சிலர் சொன்னார்கள். சொல்லட்டும். நான் கெபிக்கு முன்னால் நின்று என்ன கேட்டேன் என்று எனக்குத் தெரியும்.

அக்டோபரில் உதவித்தொகை தருவதாகக் கடிதம் வந்தது, பின்னாலேயே பணமும் வந்தது. முதல் வேலையாகப் பாக்கி வாடகை போனது. வரும் வருடத்துக்கும் சேர்த்துக் கொடுத்தோம். காதர் பாய் சாவியை மறுபடி அண்ணன் கையில் வைத்து, கோடவுன்காரனுக்கு வேறு இடம் காட்டிவிட்டேன் என்றார். சந்தோஷமாகத்தான் இருந்தார். மீதியில் சபாவிலிருந்த ஒவ்வொரு வீட்டுக்கும் மளிகை போனது, மரியதாஸ் வீட்டுக்கும் ஒரு பங்கு. இரண்டு வருடம் பூட்டிக் கிடந்ததில் ஒலிவத் தோப்பு சீன் கரையான் அரித்திருந்தது. அதைப் புதிதாக வரையக் கொடுத்தோம்.

2022 தவக்காலத்தில் மறுபடி மேடை போட்டோம். சேசுநாதர் வேடத்தை டேவிட் கேட்டுப் பார்த்தார். “ஷேர் ஆட்டோவுல நீ பேசற பேச்சுக்கு உனுக்கு யூதாஸே ஜாஸ்தி” என்று அண்ணன் சொல்லிவிட்டார். திருவொற்றியூரிலிருந்து தாமஸ் என்று ஒருவர் வந்தார், தச்சு வேலை செய்பவர். முதல் ஒத்திகையில் அவர் என் பக்கம் காதைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டு தடுமாறினார். நாலாவது ஒத்திகையில் திரும்புவதை நிறுத்திவிட்டார். நாடகத்தன்று கூட்டம் தெரு வரை நின்றது. நான் ஸ்டூலில் இருந்தேன்.

என்னிடம் என்ன மாறியது என்று கேட்டால் பெரிதாக ஒன்றுமில்லை. இப்போதும் கூட்டத்தில் பேச வராது. ஆனால் ரேஷன் கடையிலும் வார்டு ஆபீசிலும் எனக்கு வேண்டியதை நானே கேட்கிறேன், முன்பு கணவரை அனுப்புவேன். காலையில் கெபிக்குப் போகிறேன். ஜெபமாலையும் மறுபடி சொல்கிறேன். அது முடிந்ததும் இரண்டு வார்த்தை என்னுடையதாகச் சொல்கிறேன். சில நாள் கோபத்தைச் சொல்வேன். மரியதாஸை ஏன் எடுத்துக்கொண்டாய் என்று இன்னும் கேட்கிறேன். அதற்குப் பதில் வரவில்லை. வரும்வரை கேட்பேன்.

நம் அன்பியத்தில் என்னைப் போல் பேச வராதவர்கள் இருப்பீர்கள். அழகாக ஜெபிக்கத் தெரியவில்லை, வார்த்தை சரியில்லை, சாமி கேட்குமா என்று பின் வரிசையில் உட்கார்ந்திருப்பீர்கள். வேலை போயிருக்கலாம், வீட்டில் வியாதி இருக்கலாம், ஒரு முறை கேட்டுக் கிடைக்காமல் மனசு விட்டுப் போயிருக்கலாம். தயவுசெய்து ஒரு தடவை தனியாகப் போய் நில்லுங்கள். வீட்டில் எப்படிப் பேசுவீர்களோ அப்படிச் சொல்லுங்கள். நான் ‘கீது’, ‘போவக்கூடாது’ என்றுதான் சொன்னேன். மாதாவுக்கு நன்றாகவே விளங்கியது.